பின்பாதி உம்முடையது

இயேசு மரி சூசை

நாரந்தனை தெற்கு,
ஊர்காவற்றுறை.
04.12.2024

கரை அன்னம்மாள் ஆலய ஒன்றியத்தின் தலைவி, பரிஸ், திருமதி மரியபுஸ்பம் அவர்களுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் தங்களோடும் தங்கள் குடும்பத்தாரோடும் இருப்பதாக.

சென்ற கார்த்திகை மாதத்தில், எங்கள் குறிச்சியில் ஒருவரும் இறக்காத ஒரு நாளில், ஆலய மூப்பர் இறந்தால் அடிக்கும் முறைப்படி மணியை அடித்தது நான்தான். அதனால் தங்கள் சகோதரரும் ஆலய மூப்பருமாகிய மனுவேற்பிள்ளை அவர்களுக்கும், அவருடைய மனைவி றெஜினாவுக்கும், பரிசில் இருக்கும் தங்களுக்கும் பெரிய மனவேதனை உண்டாயிற்று என்று பங்குச் சுவாமி எனக்கு எடுத்துச் சொன்னார். நான் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது தங்கள் விருப்பம் என்றும், கேட்டால்தான் மணிக்கயிற்றில் போட்டிருக்கும் பூட்டைக் கழற்றுவார்கள் என்றும் சொன்னார். ஆகவே எழுதுகிறேன். நடந்தவற்றுக்கு வருந்துகிறேன். இனிமேல் நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் மணியைத் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் தங்கள் சகோதரி,
குருசுமுத்து ஞானசவுந்தரி


புஸ்பம்,

முதல் தாளைச் சுவாமி ஆறுதலாக வாசித்து, இரண்டு எழுத்துப் பிழை திருத்தி, எனக்கு நல்ல மனம் என்று சொல்லித் திருப்பித் தந்தார். உறையை ஒட்டித் தபாற்கந்தோரில் கொடுப்பது என் பொறுப்பு. ஆகவே இந்தத் தாள்கள் அவர் கண்ணில் படாது. முதல் தாள் தலைவிக்கு எழுதியது. இது உமக்கு.

சுகம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. உம்முடைய முழங்கால் நோ குறைந்ததா? குளிருக்குக் கூடும் என்று உம்முடைய மச்சாள் றெஜினா சொன்னாள். உம்முடைய பேத்தி கோயிலில் முதல் நன்மை எடுத்த படமும் காட்டினாள். வெள்ளை உடுப்பில் பிள்ளை நல்ல வடிவு. பிள்ளைக்குத் தமிழில் ஒரு மந்திரமாவது வருமோ என்று கேட்டேன். றெஜினா உடனே மீன் விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டாள். இங்கே மாரி பிந்தித்தான் வந்தது, வந்த பிறகு விடவில்லை. தரவை முழுக்க வெள்ளம். பக்கத்து வீட்டுக் கமலாதேவியின் மாடு நாகு கன்று போட்டிருக்கிறது. என் மகள் வவுனியாவில் சுகமாக இருக்கிறாள். சுகம் விசாரித்தாயிற்று.

இனி உண்மையைச் சொல்கிறேன். நான் வருந்தவில்லை. அந்த மணியை நினைக்கும்போதெல்லாம், பசித்தவளுக்குச் சோறு கிடைத்த மாதிரி எனக்கு வயிறு நிறைகிறது.

உமக்கு ஞாபகம் இருக்கும், அல்லது பரிசில் அதை வைத்திருக்க இடம் இல்லாமல் போயிருக்கும். நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகளாய்ச் சட்டை போட்ட வயதிலிருந்து அன்னம்மாள் கோயிலில் பின்னேரச் செபமாலை எங்கள் பொறுப்பு. ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதி நான், பின்பாதி நீர். நான் வலப்பக்கத் தூணடியில், நீர் இடப்பக்கத் தூணடியில். அருள்நிறை மந்திரத்தில் என் பங்கை நான் முடிக்க முன்னமே நீர் பாய்ந்து உம்முடைய பங்கைப் பிடித்துவிடுவீர். எனக்கு மூச்சுவிட நேரம் தரமாட்டீர். பின்னால் இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். அப்போது கோயில் நிறைந்த சனம்.

தொண்ணூறாம் ஆண்டு எல்லோரும் ஓடினோம். நீர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து பிரான்சுக்குப் போனீர். நாங்கள் பள்ளிக்கூடக் கட்டிடங்களிலும் மற்றவர்களின் வளவுகளிலும் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது கோயிலுக்குக் கூரை இல்லை. பீடம் இருந்த இடத்தில் ஆடுகள் படுத்திருந்தன. ஓடுவதற்கு முதல்நாள் என் மனுசன் குருசுமுத்து மணியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிப் பனையடியில் தாட்டிருந்தார். வந்த அன்றே தோண்டி எடுத்து, கோயில் முற்றத்துப் பூவரசில் தொங்கவிட்டார். அவர் கோயிலுக்கு வருகிற மனுசன் இல்லை. நத்தாருக்கும் பாஸ்காவுக்கும் வந்து கடைசியில் நிற்பார். ஆனால் மணிக்கயிறு தேய்ந்தால் ஒருவருக்கும் சொல்லாமல் புதுக்கயிறு போட்டிருப்பார்.

அன்றிலிருந்து கூட்டினேன், மெழுகினேன், சொரூபத்துக்கு உடுப்புத் தைத்தேன், மூன்று வேளையும் செபத்துக்குக் கூப்பிடுகிற திருந்தாதி மணி அடித்தேன். சம்பளத்துக்குச் செய்யவில்லை. முதலில் ஏழெட்டுக் குடும்பம் வந்தது. பிறகு சிலர் வெளிநாடு போனார்கள். சிலர் வேலணையில் புதிதாகத் தொடங்கிய சபைக்குப் போனார்கள், அங்கே வாகனம் வந்து ஏற்றுமாம். சுவாமிக்கு நாலு கோயில், மாதத்துக்கு ஒரு தடவைதான் எங்கள் பக்கம். கடைசியில் பின்னேரச் செபமாலைக்கு அன்னம்மாளும் நானும்தான்.

சிரிப்பீர், சிரியும். முதலில் சில நாள் என் தூணடியில் முன்பாதியைச் சொல்லிவிட்டு, எழும்பிப் போய் உம்முடைய தூணடியில் முழந்தாளிட்டுப் பின்பாதியைச் சொல்லிவிட்டு வந்தேன். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணிக்கும் அப்படி எழும்பி நடக்க ஏலாது. பிறகு இருந்த இடத்திலிருந்தே இரண்டையும் சொன்னேன். முன்பாதியும் நான், பின்பாதியும் நான். வீட்டில் சேர்ந்து சொல்ல ஆள் இல்லை. மகள், ஃபோனிலேயே செபமாலை இருக்கிறது அம்மா, அமத்தினால் சொல்லும் என்றாள். அமத்தினால் சொல்லுமென்றால் அமத்துகிறவளுக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

போன வருஷம் ஆடித் திருநாளுக்கு நீர் வந்தீர். உம்முடைய ஒன்றியம் கட்டிய புதுக்கோயில், கண்ணாடி யன்னல், மாபிள் நிலம், தேக்குக் கதவு. கல்வெட்டில் பரிசிலும் இலண்டனிலும் இருக்கிற எல்லோருடைய பெயரும் இருந்தது. என் பெயர் இல்லாததைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று சுவாமியிடம் சொன்னேன். அது பொய், அதையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் நான் குசினிப் பக்கம் தேத்தண்ணிக் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். நீர் வந்து என் கையைப் பிடித்துச் சொன்னீர்: "ஞானம், இவ்வளவு காலமும் நீர் பட்டது போதும். இனி ஆறுதலா இரும். இனி எல்லாம் தானா நடக்கும்."

தானாக நடக்கிற பெட்டியைக் கதவுக்கு மேலே பூட்டினார்கள். காலை, மதியம், பின்னேரம் திருந்தாதி மணி அடிக்கும். ஆறு மணிக்குச் செபமாலை சொல்லும். யாரோ ஒரு இந்தியப் பெண்ணின் குரல், தேன் போல. தேக்குக் கதவுக்குப் பிரான்சிலிருந்து கொண்டுவந்த பூட்டு. அதற்கு இரண்டே இரண்டு திறப்பு. ஒன்று மூப்பர் என்று உம்முடைய தம்பி மனுவேற்பிள்ளையிடம். மற்றது பரிசில் உம்முடைய அலுமாரிக்குள். கோயில் இங்கே, திறப்பு அங்கே.

பழைய மணியையாவது விட்டுவைத்தார்களே என்று பார்த்தால், அதற்கும் மனுவல் காரணம் சொன்னான். "அக்கா, பெட்டிக்குச் சாவு மணி அடிக்கத் தெரியாது. அது மட்டும் உங்களுக்கு" என்று பகிடியாகச் சொல்லிச் சிரித்தான். பக்கத்தில் நின்ற நீரும் சிரித்தீர். அந்தச் சிரிப்பை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தப் பெட்டி செய்த அநியாயம் என்ன என்று உமக்குத் தெரியாது. ஆறு மணிக்கு நான் போய்ப் பூட்டின கதவின் படியில் இருப்பேன். அது முன்பாதியைச் சொல்லும். சரி, முன்பாதி போகட்டும், பின்பாதியையாவது நான் சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன். பின்பாதியையும் அதுவே சொல்லிவிடும். சபையாருடைய குரலையும் சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குள் ஒரு குருவி இல்லை, வெளியே ஐம்பது பேர் செபிக்கிற சத்தம். எனக்கென்று ஒரு சொல்லும் மிச்சமில்லை. தனிய இருந்து செபித்தபோதும் நான் இவ்வளவு தனிமையாக இருந்ததில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன்.

என் மனுசன் போன வருஷம் கார்த்திகையில் செத்தார். நெஞ்சு நோ என்றார், ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் முடிந்துவிட்டது. செத்த வீட்டுப் பெண் பிணத்தை விட்டு எழும்பக்கூடாது, அது வழக்கம். ஆனால் சாவு மணி அடிக்க ஆள் வேண்டும். ஆண் என்றால் மூன்று மூன்றாக, பெண் என்றால் இரண்டிரண்டாக. அந்த முறையில் அடிக்கத் தெரிந்தவள் குறிச்சியில் நான் ஒருத்திதான். எழும்பிப் போனேன். அவர் தாட்டு வைத்துக் காப்பாற்றிய மணியை, அவர் போட்ட கயிற்றில், அவருக்கு நானே அடித்தேன். கமலாதேவி என் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

அடுத்த நாள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்கு வந்தால் கதவு பூட்டு. உம்முடைய தம்பி, ஒன்றியத்துப் பொருளாளரை விமான நிலையத்தில் ஏற்ற முதல்நாள் காலையே கொழும்புக்குப் போயிருந்தான். திறப்பு அவனுடைய காற்சட்டைப் பைக்குள். சவப்பெட்டியைப் படியில் வைத்துக்கொண்டு மழையில் நின்றோம். கதிரை வாடகைக்கு விடுகிற வேலணைத் தம்பிஐயா அலவாங்கு எடுத்து வந்தார். உடைக்கட்டுமா அம்மா என்று என்னைக் கேட்டார். கமலாதேவி, சைவக்காரி, அவளுக்கே பொறுக்கவில்லை. "சாமி உள்ளுக்கு, சவம் வெளியில. இதென்ன அக்கா உங்கட கோயில்?" என்றாள். நான் உடைக்க விடவில்லை. அந்தக் கோயிலை இருபது வருஷத்துக்கு மேல் திறந்துவைத்தவள் நான். அதை உடைத்தவள் என்ற பெயரும் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன். சுவாமி குடைக்குக் கீழே நின்று படியில் பூசை வைத்தார். ஒப்புக்கொடுத்தல் நடக்கிற நேரம் பன்னிரண்டு மணி. கதவுக்கு மேலே இருந்த பெட்டி தன்பாட்டில் திருந்தாதி அடித்தது. சுவாமி அது முடியும் வரை வாயை மூடிக்கொண்டு நின்றார். பிறகு சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தோம்.

அன்று இரவு ஃபோனில், ஒன்றியத்தின் குழுவில், எரிகிற மெழுகுதிரிப் படம் ஒன்றும் கும்பிடுகிற கை ஒன்றும் உம்மிடமிருந்து வந்தது. வேறொன்றும் வரவில்லை. ஒரு ஃபோன் கோல் எடுத்து ஞானம் என்று நீர் கூப்பிடுவீர் என்று முப்பத்தோராம் நாள் வரை ஃபோனைக் கையில் வைத்திருந்தேன். மனுவல் மட்டும் வந்து, பிழை நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் திறப்பை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து நான் உம்மைச் சபித்தேன், புஸ்பம். இங்கே சிலர் மெழுகுதிரியைத் தலைகீழாகக் கொளுத்தி நேருவார்கள். நானும் திரியைக் கையில் எடுத்தேன். பிறகு, அன்னம்மாள் பார்க்கிறாள் என்று கீழே வைத்துவிட்டு வாயால் சபித்தேன். தாவீது இராசாவும் எதிரியின் பல்லை உடைக்கச் சொல்லி ஆண்டவரைக் கேட்டவர்தான். நான் பல்லைக் கேட்கவில்லை. உமக்கு நோய் வரவேண்டும் என்றோ, உம்முடைய பிள்ளைகளுக்குக் குறை வரவேண்டும் என்றோ கேட்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் ஒவ்வொரு பின்னேரமும் படியில் இருந்து கேட்டேன். தனக்கு முன்னால் சாவும், தனக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லாமலும், இரண்டு பாதியையும் தானே சொல்லி அழுகிற ஒரு நாள் அவளுக்கும் வரட்டும் என்று கேட்டேன்.

இந்தக் கார்த்திகையில் அவருடைய ஆண்டு நினைவு வந்தது. சுவாமிக்கு அன்று வேறு கோயிலில் பூசை. பரவாயில்லை, கோயிலுக்குள் முழந்தாளிட்டு ஒரு செபமாலை சொன்னால் போதும் என்று மனுவலிடம் போனேன். வாசலில் நின்று கேட்டேன். மழைக்காலம், திறந்தால் மாபிளில் சேறு படும் என்றான். சாக்குப் போட்டுக் காலைத் துடைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை: "ஏனக்கா வீணா அலையிறியள்? ஃபோனிலயிருந்தே பெட்டியப் போட்டுவிடுறன். படியில இருந்து கேளுங்கோ."

கோயிலடிக்கு வந்து சேர முதலே பெட்டி தொடங்கிவிட்டது. அந்தத் தேன்குரல் முன்பாதியைச் சொல்கிறது, இல்லாத சனம் பின்பாதியைச் சொல்கிறது. ஆருடைய ஆன்மாவுக்கு என்று அதற்குத் தெரியாது. நான் படியில் இருக்கவில்லை. நேரே பூவரசடிக்குப் போனேன்.

மூப்பர் செத்தால் அடிக்கிற முறை உமக்கு மறந்திருக்காது. ஆணுக்குரிய மூன்று மூன்று மணியை அடித்து, ஒரு இடைவெளி விட்டு, பிறகு செபமாலையில் பத்து மணி சொல்லி முடிகிற அளவுக்கு நிறுத்தாமல் அடிக்க வேண்டும். உம்முடைய ஐயா மூப்பராக இருந்து செத்தபோதுதான் அது கடைசியாகக் கேட்டது. குறிச்சியில் மூப்பர் ஒருவர்தான். பெயர் சொல்லத் தேவையில்லை. நான் பெயர் சொல்லவும் இல்லை. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது கட்டளை, என் வாய் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. மணி என்ன சொன்னது? மூப்பர் இல்லை என்று சொன்னது. கோயிலைத் திறக்காத மூப்பர் இருந்தென்ன, இல்லாமலென்ன?

சாவு மணி கேட்டால் முதலில் வருகிறவர், மணி அடிக்கிறவரிடம் ஆர் என்று கேட்பதுதான் வழக்கம். அன்றைக்கு முதலில் வந்தது உம்முடைய தம்பி. சேட்டும் இல்லாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அரைவாசி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்தான். ஓடி வந்ததில் எண்ணவில்லைப் போல. மூச்சு வாங்க வாங்க, "ஆரக்கா?" என்று கேட்டான்.

நான் கயிற்றை விடாமல், "மணி சொல்லுறதக் கேளும்" என்றேன்.

நின்று கேட்டான். புஸ்பம், அந்த முகத்தைப் படமெடுத்து உமக்கு அனுப்ப எனக்குக் கை ஒழியவில்லை. சோப்பு நுரை ஒரு பக்கம், மற்றப் பக்கம் வெள்ளையாய்ப் போனது. தன்னுடைய சாவைத் தானே விசாரிக்க வந்த மூப்பர் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். நான் எண்ணிக்கை குறையாமல் அடித்து முடித்துவிட்டுத்தான் கயிற்றை விட்டேன்.

அதற்குள் சனம் வரத் தொடங்கிவிட்டது. முதலில் அவனுடைய வீட்டுக்குப் போய், ஆள் இல்லை என்றதும் பிணத்தைக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாக்கும் என்று இங்கே வந்தார்கள். சபைக்குப் போனவர்கள் வந்தார்கள். சுருவிலிலிருந்து உம்முடைய சின்னம்மாவின் பிள்ளைகள் வந்தார்கள். கமலாதேவி பெரிய சருவச்சட்டியில் கோப்பி கொண்டுவந்தாள். தம்பிஐயா ஒருவரும் சொல்லாமலே கதிரையும் படங்கும் லான்ட்மாஸ்டரில் ஏற்றி வந்துவிட்டார். உயிரோடு நிற்கிற மூப்பரைக் கண்டும் அவர் அசையவில்லை. "இறக்கின கதிரைய நான் திருப்பி ஏத்துறேல்ல. ஆராவது இருங்கோ" என்றார்.

றெஜினா வேலணைச் சந்தையில் நின்றிருக்கிறாள். யாரோ சொல்லி, பஸ்ஸில் வழிநெடுக ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தாளாம், பஸ்ஸில் இருந்தவர்களும் சேர்ந்து அழுதார்களாம். தலையை விரித்தபடி இறங்கி ஓடி வந்தவள், முற்றத்தின் நடுவில் நுரையோடு நிற்கிற மனுசனைக் கண்டாள். அழுகையை நிறுத்தவில்லை, அதே இராகத்தில் ஏச்சாக மாற்றினாள். "செத்ததெண்டு ஊரே கூடி நிக்குது, ஒரு சேட்டப் போட்டுக்கொண்டு நிக்கத் தெரியாதே உமக்கு" என்றாள். முதலில் தம்பிஐயா சிரித்தார். பிறகு எல்லோரும். மனுவல்கூட. நான் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்க, ஒருவருக்கும் போக மனம் இல்லை. கதிரை இருக்கிறது, கோப்பி இருக்கிறது, மழையும் விட்டிருந்தது. மணி ஏன் அடித்தேன் என்று அவர்கள் என்னைப் பார்த்தார்கள். இன்றைக்குக் குருசுமுத்துவின் ஆண்டு நினைவு, கதவைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன் என்று மட்டும் சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் திரும்பி மனுவலைப் பார்த்தார்கள். அவன் சாரத்து மடிப்பிலிருந்து திறப்பை எடுத்தான். பெட்டியின் வாயையும் அடைத்தான். சேற்றுக் காலோடு அவ்வளவு சனமும் உம்முடைய மாபிளில் ஏறியது. நான் என் தூணடிக்குப் போனேன். புதுக்கோயிலில் அந்தத் தூண் இல்லை, ஆனால் இடம் எனக்குத் தெரியும். முன்பாதியைச் சொன்னேன். நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில், பின்னால் இருந்து கடல் எழும்பி வந்த மாதிரிப் பின்பாதி வந்தது. சபைக்காரரும் சொன்னார்கள், மறக்கவில்லை. இரண்டாவது மந்திரத்தை என்னால் தொடங்க முடியவில்லை. யாரோ ஒருத்தி என் பங்கைத் தூக்கிக்கொண்டாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அது கிடைத்தது. கடைசியில் நின்று கேட்டிருப்பார்.

அந்த ஐம்பத்துமூன்று மணியும் முடியும் வரை உமக்கு ஃபோன் எடுக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. சுருவிலிலிருந்து யாரோ முந்திக்கொண்டு, மனுவல் அண்ணை போய்விட்டார் என்று உம்முடைய மருமகனுக்குச் சொல்லியாயிற்று. அதைப் பொய் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மருமகன் ஃபோனில் சொன்னதும் நீர் குசினி நிலத்தில் விழுந்து அழுதீர் என்று றெஜினா பிறகு சொன்னாள். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்களாம். உம்முடைய அம்மாவின் செபமாலையைத் தேடி எடுத்து, தனிய இருந்து, இரண்டு பாதியையும் நீரே சொல்லிச் சொல்லி அழுதீராம். நடுவில் பின்பாதி மறந்து போய்த் திரும்பத் திரும்ப முன்பாதியையே சொன்னீராம். இதை நீரே றெஜினாவிடம் சொல்லி என்னை ஏசினீராம்.

கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சுவாமியிடம் சொன்னேன். மனஸ்தாபப்பட்டுப் பாவத்துக்கு வருந்துங்கள் அம்மா என்றார். முயன்று பார்க்கிறேன் என்றேன். இன்னும் வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் கதிரைகள் போய்விட்டன. நான் ஆறு மணிக்குப் படியில் போய் இருந்தேன், ஒருவரும் வரவில்லை. முதல்நாள் வந்த அத்தனை பேரில் ஒருவரும். கதவு பூட்டு. பூவரசில் மணிக்கயிற்றைச் சுருட்டிச் சங்கிலி போட்டு இன்னொரு பூட்டு. செத்தவருக்காக ஓடி வருகிற சனம் உயிரோடு இருக்கிறவருக்காக வராது. ஆண்டவருக்குக்கூட அவர் செத்த வெள்ளிக்கிழமைதான் கூட்டம்.

கயிறு வேண்டும் என்றுதான் முதல் தாளை எழுதினேன். இனி எங்கள் குறிச்சியில் யார் செத்தாலும் மணி அடிக்க ஆள் இல்லை, நானே செத்தாலும். அதற்காக ஒரு பொய் எழுதலாம் என்று நினைத்தேன். எழுதியபின் என்னால் அதைத் தனியே அனுப்ப முடியவில்லை. இரண்டையும் ஒன்றாக வைக்கிறேன். எதை உண்மையென்று எடுத்துக்கொண்டு மனுவலுக்குச் சொல்லுவீரோ, அது உம்முடைய பாடு. பூட்டைக் கழற்றாமல் விட்டால் விடும்.

ஆனால் பழி நான் வாங்காமல் விடமாட்டேன். கேளும், எப்படி என்று.

சங்கிலி போட்ட நாளிலிருந்து நான் படியில் இருப்பதில்லை. பெட்டிச் சத்தம் கேட்காத தூரத்தில், சேமக்காலையில் அவருடைய குழியடியில் போய் நிற்கிறேன். முன்பாதியைச் சொல்கிறேன். சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். முந்தி அந்த இடத்தில் உம்முடைய பங்கையும் நானே சொன்னேன். இனிச் சொல்லமாட்டேன். ஒரு மூச்சு விட்டு, அடுத்த முன்பாதிக்குப் போய்விடுகிறேன். ஐம்பத்துமூன்று பாதி மந்திரம் ஒவ்வொரு பின்னேரமும் என் மனுசனுடைய குழிக்கு மேலே முடியாமல் நிற்கிறது. மாதாவைக் கூப்பிட்டுவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட பாவம் யாருடையது? என் பங்கை நான் சொல்லியாயிற்று. மிச்சம் உம்முடைய தலையில். எங்களுக்கு ஆறு மணி, உமக்கு மத்தியானம். நீர் சோற்றுக் கோப்பையை எடுக்கிற நேரம். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்தில் ஒருத்தி உமக்காக நிறுத்திக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டு சாப்பிடும்.

பின்பாதியின் சொற்கள் மறந்துபோயிருந்தால், இந்த உறைக்குள் எழுதி வைக்கமாட்டேன். உமக்கு ஞாபகம் வரும். நான் மூச்சுவிட முதல் பாய்ந்து பிடிக்கிறவள் நீ.

அலுமாரிக்குள் இருக்கிற மற்றத் திறப்பைத் தபாலில் போட வேண்டாம். தபாலில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். மன்னிப்பும் அப்படித்தான், எழுதி அனுப்பினால் நான் எடுக்கமாட்டேன். அதைக் கையில் கொண்டு வா. ஆடித் திருநாளுக்கு வராதே, அப்போது சனம் இருக்கும். மாரியில் வா, ஒருவரும் இல்லாத நாளில். சேற்றுக் காலோடு இருவரும் ஏறுவோம்.

அதுவரை அன்னம்மாள் உன் முழங்காலுக்குச் சுகம் தரட்டும். இங்கே வந்து நிலத்தில் முழந்தாளிட அது வேண்டும்.

ஞானம்